சிவப்பு டேப் சுற்றிய ஒயர்

பெட்டியைப் பிரித்துப் பத்து நிமிடம்கூட ஆகாத கார் ஸ்டீரியோ செட் அது. ஜீப்பின் டேஷ்போர்டில் பொருத்தி ஏஞ்சல் கரண்ட் கொடுத்ததும், யாரையும் கேட்காமல் தானாகவே ஏதோ ஒரு போனோடு சேர்ந்துகொண்டது. அதன் திரையில், வழிகாட்டும் வரைபடத்துக்கு மேலே பெயர் வந்தது: பென்னி. பக்கத்தில் அந்தப் போனின் சார்ஜ், சிவப்பில் ஒரே ஒரு கோடு.

பென்னி அவள் புருஷன். இதே ஜீப்பின் டிரைவர். போன மழைக்காலத்தில் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. "எவளையோ இட்டுக்கினு ஆந்திரா பக்கம் ஓடிட்டான்" என்று ஸ்டேஷனில் சொன்னவன், ஜீப்பின் ஓனர் வரதன்தான். கம்பெனிச் சாம்பலை லாரியில் ஏற்றிக் கொட்டும் கான்ட்ராக்டர். ஊரே அவன் பேச்சை நம்பியது. வயிற்றுப்பாட்டுக்கு கும்மிடிப்பூண்டி பைபாஸில் இந்தக் கார் கடையில் சேர்ந்தவள், இன்று அவனுக்கே "வாங்கண்ணே" சொல்ல வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

சாக்கெட்டில் பழைய சார்ஜர் ஒயர் தொங்கியது. பிய்ந்த இடத்தில் சிவப்பு டேப். சுற்றியது அவள் கை. பென்னி வீட்டில் சார்ஜ் போட்டதே இல்லை. எல்லா டிரைவர்களையும் போல ஓனர் வண்டியில்தான் போடுவான்.

"ஒயர் இல்லாத செட்டுன்னுதானே வாங்கினேன்? அந்தக் கருமத்தப் புடுங்கிப் போடும்மா," என்றான் வரதன். "என் டீசல்ல அவன் போனுக்குச் சோறு போட்டதெல்லாம் போதும்."

அவளுக்குக் காது சுட்டது. ஒயரைத் தொடவில்லை.

"பத்தடிக்குள்ள இருக்கற போனோடதான் இது சேரும்ணே. அவரு போன் எங்க?"

"இன்னா, போலீஸ் விசாரணையா? மெஷின் பேஜாரு பண்ணுது. ஓட்டிப் பாத்துட்டு ஆளை விடு."

சீட்டுக்கு அடியிலெல்லாம் துழாவினாள். போன் இல்லை. விரல்களில் ஈரச் சாம்பல்தான் ஒட்டியது.

செட் பொருத்தினால் கஸ்டமரோடு ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது கடை வழக்கம். கடலோரக் காட்டுப்பள்ளி என்று இடம் போட்டு ஏஞ்சல் பக்கத்தில் உட்கார, வரதன் ஓட்டினான். மதியமே மழை இருட்டு கட்டியிருந்தது. சிப்காட்டின் இரும்பு வாடையும் ஈர மண் வாடையும் கலந்து கண்ணாடி இடுக்கு வழியே உள்ளே வர, வைப்பர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பின்சீட்டுப் பக்கமிருந்து யாரோ மூச்சை அடக்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டு நின்றது. திரையின் நீலக் கோடு மெல்ல வளைந்தது. கடலை விட்டு ஏரியின் பக்கம். சார்ஜ் இரண்டு கோடு.

"தப்பா காட்டுது. அந்த ஏரிய அன்னிக்கே சாம்பல் கொட்டி மூடியாச்சு."

"என்னிக்கு?"

வரதன் பிரேக் போட்டான். வண்டியைத் திருப்பினான். எதிரே ஏரிக்கரை. மறுபடி திருப்பினான். மறுபடியும் அதே ஏரிக்கரை. அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டான். அப்போதும் ஜீப் கரையிலிருந்து சாம்பல் மேட்டில் இறங்கியது.

"லாரி ரிவர்ஸ்ல இடிச்சிருச்சிம்மா," என்று உளறத் தொடங்கினான். "முனகினு இருந்தான். கேஸாயிடும்னு... மேல கொட்டச் சொல்லிட்டேன்."

முனகினு இருந்தான்.

வண்டி நின்றது. 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது திரை. சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று கோடு. நான்கு.

எதிலிருந்து ஏறுகிறது?

ஏஞ்சல் சாக்கெட்டைப் பார்த்தாள். சிவப்பு டேப். ஒயர் தொங்கவில்லை. விறைத்து நின்றது. இரண்டு சீட்டுக்கும் நடுவே, பின்பக்கமாக. யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி.

அவள் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. இறங்கி ஓடிவிடலாம்.

முனகினு இருந்தான்.

கையை எடுத்தாள். பூட்டும் பட்டனை அழுத்தினாள். எல்லாக் கதவும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன.

"திரும்பிப் பாருடா," என்றாள்.

அவன் திரும்பவில்லை. பின்புறம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தான். அவன் தோள்மேல் சாம்பல் அப்பிய கை ஒன்று வந்து, சீட் பெல்ட் போடும் பதவிசோடு, மெதுவாக மார்புக்கு இறங்கியது.

வரதன் வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை. சாம்பல் வந்தது.