ஏழாவது வரி

"மூணு வாரமா அந்தச் சுவரையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, அதுல என்னதான்டி தெரியுது?"

தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள் மாமியார். மருமகள் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, வீட்டைக் கூட்டி, மாமியார் தைத்த பள்ளிச் சீருடைகளுக்குப் பித்தானும் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் கையில் பேனா அசையவில்லையே... அதுதான் குற்றம்!

இன்று பல்கலைக்கழகத்தில் அவள் முறை. கணிதத் துறையில் எல்லோர் முன்னாலும், இந்த மூன்று வாரமும் யோசித்து முடித்த நிரூபணத்தைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். தேறினால் ஆராய்ச்சி செய்ய இடம். இல்லாவிட்டால் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு இரண்டாவது தையல் மெஷினில் உட்கார வேண்டியதுதான். மாமியாருக்கு அவள் கொடுத்திருந்த வாக்கு அது.

அரை மணி நேரத்துக்கு முன்தான் அந்த ஏழாவது வரி கண்ணில் பட்டது. 'இவற்றுள் மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வோம்.' முடிவில்லாமல் நீளும் வரிசையில் மிகப் பெரியது என்று ஒன்று இருந்தே ஆக வேண்டுமா என்ன? இல்லையென்றால் கீழே உள்ள பதினோரு பக்கமும் குப்பை!

அருகே வந்த கணவனிடம் வரியைக் காட்டித் தப்பைச் சொன்னாள். அவன் குனிந்தான். "உங்க மேடம் படிச்சுப் பாத்துட்டாங்கல்ல?"

"ரெண்டு தடவை."

"அவங்களுக்கே தெரியலைல்ல? கமுக்கமா எழுதிட்டு வந்துடு!"

"என்னங்க நீங்க..."

"அங்க என்னடா குசுகுசுன்னு?" மாமியார் எழுந்து செருப்பை மாட்டினாள். "இன்னைக்கு நானும் வர்றேன். இவ படிச்சுக் கிழிச்சது போதும், நின்னுக்கிறான்னு டீச்சர்கிட்டயே சொல்லிட்டு, கையோட கூட்டிட்டு வந்துடுறேன்."

சொன்னபடியே வந்தாள். வகுப்பு வாசலிலேயே பேராசிரியையைப் பிடித்து, "முடிஞ்சதும் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

மருமகள் ஆறு வரி எழுதினாள். ஏழாவதில் சாக்பீஸ் நின்றது.

"ம், மேல போம்மா," என்றார் பேராசிரியை.

ஒரே ஒரு வரி... எழுதிவிட்டால் இடம் கிடைத்துவிடும். மூன்று வாரமும் வீணாகாது. மாமியாரின் வாயும் அடைபடும். எத்தனை முயன்றும் கை எழவில்லை.

"மேடம்... அடுத்த வரி தப்பு. காலையிலதான் பாத்தேன். அதுக்கப்புறம் எதுவுமே நிக்காது."

முன்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"என்ன தம்பி சிரிப்பு?" கடைசி பெஞ்சிலிருந்து பாய்ந்தது குரல். "தப்பை அவளே சொல்றா. நீயா கண்டுபிடிச்ச? பொத்திக்கிட்டு உக்காரு!"

பேராசிரியை தன் கையிலிருந்த பிரதியில் ஏழாவது வரியைத் தேடிப் படித்தார். "எனக்கும் இது தெரியாமப் போச்சே... இடம் பத்தி இன்னைக்கு எதுவும் சொல்ல முடியாதும்மா. ஒரு மாசம் தர்றேன், சரி பண்ண முடியுதா பாரு." பிறகு பின்பக்கம் பார்த்தார். "நீங்க ஏதோ பேசணும்னீங்களே?"

"ஒண்ணுமில்லைங்க," என்றாள் மாமியார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் மருமகளைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கும் தெரியாதுன்னு அவன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அப்புறம் ஏன்டி சொன்ன?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே அத்தை..."

அவ்வளவுதான், உடைந்துபோனாள். மாமியார் அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நீ சும்மா உக்காந்திருக்கேன்னு பேசாத பேச்செல்லாம் பேசிட்டேனே... வாயைத் திறந்து சொல்லக் கூடாதா, அழுத்தக்காரி!"

"என்னன்னு சொல்றது அத்தை? யோசிக்கிறப்போ எடுத்துக் காட்ட எங்கிட்ட ஒண்ணுமே இல்லையே!"

மாமியாரின் கண்ணும் நிறைந்துவிட்டது. "ஒரு மாசத்துல வந்துடுமா?"

"தெரியலை. வராமலே போனாலும் போகலாம்."

மாமியார் தன் உள்ளங்கையால் அவள் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"வராட்டிப் போகுது. நீ உக்காந்து பாரு."