கட்வைக் கடற்கரை, நீர்வண்ணம்

காலையில் எழுதிய குறிப்பில் ‘படகுத் தலைவன் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறான்’ என்று இருந்தது. நேல் ஓவியத்தை மறுபடி பார்த்தாள். தண்ணீர் அவனுக்குக் கணுக்கால் அளவுதான் இருந்தது.

முதலில் தன் கண்ணைத்தான் திட்டினாள். பதினைந்து வருடமாக இந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஓவியங்களுக்கு விளக்கம் எழுதுகிறவள், முழங்காலும் கணுக்காலும் தெரியாதவளா? ஆனால் மீன்பிடிக்கப் போன கணவன் லேன்டர்ட்டிடமிருந்து இரண்டு நாளாகத் தகவல் இல்லை. வெளியே நவம்பர்ப் புயல் ஜன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்தது, மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கி மேசை விளக்கைப் போட வேண்டியிருந்தது. மனம் ஒரு நிலையில் இல்லை.

நூற்றைம்பது வருடப் பழைய ஓவியம். மணலில் இழுத்துவிட்ட தட்டையான படகுகள். இப்போதுதான் கரை தொட்ட ஒன்றில் மட்டும் கொடி பாதிக் கம்பத்தில் தொங்கியது. ஆள் ஒருவன் குறைகிறான் என்று அர்த்தம். எவன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தலைவன் இறங்கி வருவான், காத்திருக்கும் பெண்களை ஒவ்வொருவராகக் கடப்பான், ஒருத்தி முன்னால் நின்று தொப்பியைக் கழற்றுவான். போனவன் அவளுடைய ஆள். கருப்புப் போர்வையில் ஐந்து பெண்கள், நமக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

தூனிஸ் காபியோடு வந்தான். பக்கத்து அறையில் வேலை பார்ப்பவன்.

“என்ன நேல், இன்னும் அந்தப் படகையே முறைச்சுக்கிட்டிருக்கே? அது எங்கயும் ஓடிடாது.”

“இந்த ஆள் எங்க நிக்கிறான், சொல்லேன்.”

“மணல்ல. முதல் பொம்பளையத் தாண்டி.”

“தண்ணியில இல்ல?”

“தூக்கமே இல்ல உனக்கு. லேன்டர்ட் ஃபோன் பண்ணினானா?”

“சிக்னல் கிடைச்சிருக்காது.”

“அதேதான். பேசாம வீட்டுக்குப் போ.”

அவன் போய்விட்டான். முதல் பெண் இப்போது திரும்பியிருந்தாள். நெஞ்சில் கை வைத்து, சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பை நேலுக்குத் தெரியும். போன மார்ச்சில், கடலில் ஒருவன் இறந்த செய்தியோடு போதகர் அவளுடைய தெருவில் மெல்ல நடந்து வந்தார். அவள் வாசலைத் தாண்டிப்போய் அடுத்த வீட்டு மணியை அழுத்தினார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நேல் அப்போது சந்தோஷப்பட்டாள். இன்றுவரை அதை நினைத்தால் கூசுகிறது.

இரண்டாமவளும் திரும்பிவிட்டாள்.

ஓவியத்தைக் கவிழ்த்து வைத்தாள். நனைந்த கம்பளியும் தாரும் ஹெர்ரிங் மீனும் கலந்த வாடை அறையில் ஏறிக்கொண்டே வந்தது. காகிதத்தின் முதுகில் ஈரம் பரவியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. பார்க்காமல் இருந்துவிடலாம். ஆனால் அவன் யாரிடம் நிற்கிறான் என்று தெரியாமல் எப்படி இருப்பது? அவர்களில் ஒருத்தியிடம் நின்றுவிட்டால் போதும். லேன்டர்ட் பிழைத்தான்.

நிமிர்த்தினாள்.

மூன்றாமவள் சிரித்தாள். நான்காமவளும்.

“நில்லு,” என்றாள் நேல். “அவகிட்ட நில்லுய்யா. அவளாவே இருக்கட்டும்.”

மணலில் காலடி. ஈரமான, கனத்த காலடி. காதுக்கு மிக அருகில்.

கண்ணை இமைத்தாள்.

ஐந்தாமவளையும் தாண்டிவிட்டான்.

இனி மணல் இல்லை. காகிதத்தின் ஓரம்தான். அங்கே அவன் முகம், உள்ளங்கை அளவு, தாடியில் தண்ணீர் சொட்ட. சொட்டு மேசையில் விழுந்தது. அவன் அவளைப் பார்த்தான். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

அவனுக்குப் பின்னால் அந்த ஐந்து பெண்களும், முகத்தில் சிரிப்பு இன்னும் மறையாமல், அவளைத் தாங்கிப் பிடிக்கக் கைகளை நீட்டியபடி வந்துகொண்டிருந்தார்கள்.