ஜமாலின் உயரம்

உம்மு ஹானி மறுபடியும் வீரிட்டு அழுதபடி தாயின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். டி.வி.யில் அவளுடைய வாப்பா சர்பத் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாப்பாடா கண்ணு. பாரு, உன்னைப் பாத்துதான் சிரிக்கிறாங்க."

"பூச்சாண்டி," என்றது குழந்தை, முந்தானைக்குள்ளிருந்தே.

ஜைனம்பு குழந்தையை முந்தானையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். குழந்தையைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. படம் மேலும் கீழுமாக இழுபட்டுக் கிடந்தது. மாப்பிள்ளை, நிக்காஹ் ஓதிய ஹஸ்ரத், பந்திக்கு ஓடிய பிள்ளைகள் என்று எல்லோருக்கும் முருங்கைக்காய் முகம். அவள் கணவர் ஜமாலுக்கு மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீண்டிருந்த மாதிரி அவளுக்குப் பட்டது. கண்ணீரோடு பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

அந்த வீட்டில் ஜமால் முகம்மதுவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். "என் மூஞ்சியப் பாத்து யாருக்குப் பசியாறப் போவுது" என்பார். போன வருஷம் அவர் தங்கையின் நிக்காஹ் இதே கூடத்தில் நடந்தபோது, அவருடைய அண்ணன் அமீர் ஜான் பொன்னேரியிலிருந்து வீடியோக்காரரைக் கூட்டி வந்திருந்தார். அந்தப் படத்தில்தான் ஜமால் தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். கொல்லைப்பக்க வாசலில் சர்பத் தட்டோடு வருகிறார், யாரோ கூப்பிட நிற்கிறார், சிரிக்கிறார், உள்ளே போய்விடுகிறார். பன்னிரண்டு எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் இறால் எடுத்துவர உப்புநீர் ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்துக்குத் தோணியில் போனவர் திரும்பவில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் காற்று திரும்பித் தோணி கவிழ்ந்தது. தோணிக்காரர் பூபதி நீந்திக் கரையேறிவிட்டார். ஜமாலின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. அமீர் ஜான் ஏரிக்கு அந்தப் பக்கம், சூலூர்ப்பேட்டை வழியாக ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்தார்.

குழந்தைக்கு இரண்டரை வயது. வாப்பா எங்கே என்றால் ஆணியில் தொங்கும் சட்டையைக் காட்டும். இன்னும் ஆறு மாதம் போனால் அந்தச் சட்டை யாருடையது என்பதும் மறந்துவிடும். ஜைனம்பு மற்ற எதையும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். இதை மட்டும் அவளால் தாங்க முடியாது. குழந்தை தன் வாப்பாவின் முகத்தை மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் பயமில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அவள் மெக்கானிக் கங்காதரனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

கங்காதரன் நாளைக்கு வருகிறேன் என்று சொன்னால் அடுத்த வாரம் என்று அர்த்தம். ரேடியோ, மிக்ஸி, கல்யாண வீட்டு மைக் எல்லாம் அவர் கடையில் மாதக்கணக்கில் தூங்கும். அன்றைக்கு ஆள் போன ஒரு மணி நேரத்தில், மழைத் தூறலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றார். ஊருக்கே தெரிந்த துக்கம் அது.

ஜைனம்பு தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றாள். கூடத்தில் துணைக்கு வேலம்மா உட்கார்ந்திருந்தாள். தோணிரேவுக் குப்பத்துக்காரி. அந்த வீட்டில் மீன் கழுவிப் பாத்திரம் தேய்ப்பவள், இந்தப் பத்தொன்பது நாளாக ராத்திரித் துணைக்கும் அங்கேயே படுத்துக்கொள்கிறாள்.

கங்காதரன் டி.வி.யின் பின்மூடியைக் கழற்றினார். தூசியை ஊதினார். ஒரு கண்ணாடியை வாங்கி எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்தார். "பின்னாலருந்து திருகுறவனுக்கு முன்னால இன்னா ஆவுதுன்னு தெரிய வோணாமா," என்றார். சாயங்கால நிகழ்ச்சிக்கு முன்னால் மெட்ராஸ் ஸ்டேஷன்காரர்கள் போடும் அந்தப் பெரிய வட்டம் திரையில் வந்ததும், சாப்பாட்டுத் தட்டு ஒன்று கேட்டார். தட்டைத் திரையில் வைத்துப் பார்த்தார். வட்டம் முட்டையாக இருந்தது. உள்ளே ஒரு சின்னத் திருகைக் கண்ணாடியைப் பார்த்தபடியே மெல்லத் திருப்பினார். முட்டை சுருங்கி, தட்டின் விளிம்போடு ஒட்டிக்கொண்டது.

"தட்டு வெச்சி அளந்தா டி.வி. ரிப்பேரா," என்றாள் வேலம்மா. "இது தெரியாம உன்ன மெக்கானிக்குன்னு கூப்புட்டு வெச்சிக்கீறோம்."

கங்காதரன் சிரித்தபடி டெக்கில் கேசட்டைத் தள்ளினார்.

மாப்பிள்ளை மாப்பிள்ளையாக இருந்தார். ஹஸ்ரத்தின் தாடி சரியான இடத்தில் முடிந்தது. தலைகள் உருண்டையாக, தோள்கள் தோள்களாக இருந்தன. ஜைனம்பு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆசையோடு இரண்டடி முன்னால் வந்தாள். கொல்லை வாசல் வந்தது. ஜமால் வந்தார்.

வாசல் நிலைக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அவர் நடுத்தர உயரம். அந்த நிலையில் அவர் தலை ஒருநாளும் தட்டியதில்லை. இப்போது குனிந்தும் பிடரி மேல்கட்டையில் உரசியது. கழுத்து சட்டைக் காலரிலிருந்து ஒரு சாண் எழும்பி நின்றது. தட்டைப் பிடித்திருந்த விரல்கள் தட்டுக்கு அடியில் ஓடி, அடுத்த பக்கத்தில் வெளியே வந்து, மடங்கியிருந்தன. பக்கத்தில் நின்ற பையன் பையன் அளவில் இருந்தான்.

குழந்தை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியது.

"டேப்பு இழுத்துக்கிச்சி," என்றார் கங்காதரன். குரலில் பலமில்லை.

"டேப்பு இழுத்தா எல்லாரும்தானே இழுபடணும் அண்ணே?" என்றாள் ஜைனம்பு.

அவர் வேலம்மாவிடம் வலை முடியும் நைலான் நரம்பு கொஞ்சம் வாங்கினார். எழுந்து போய், தங்களுக்குப் பின்னாலிருந்த நிஜமான கொல்லை வாசலின் அகலத்தை நரம்பால் அளந்து, அது உயரத்துக்கு எத்தனை தடவை போகிறது என்று எண்ணினார். பிறகு திரையில் படத்தை நிறுத்தி, அதிலிருந்த வாசலை அதேபோல அளந்தார். இரண்டு கணக்கும் ஒன்றுதான். வாசல் சரி, சுவர் சரி, ஜனங்கள் சரி.

"இன்னொரு தபா போடுறேன்," என்றார்.

ஜைனம்பு மனசுக்குள் எண்ணினாள். பன்னிரண்டு வந்தது. ஜமால் போகவில்லை. அவருக்கு முன்னால் பெண்கள் கடந்தார்கள், பிள்ளைகள் ஓடினார்கள். அவர் தட்டோடு அங்கேயே நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சர்பத் கொட்டியிருக்கும் என்று நினைத்தாள். தலையும் நனைந்திருந்தது. முப்பத்தொன்றில்தான் திரும்பி உள்ளே போனார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் அது விழும் சத்தத்துக்கு நடுவே கொல்லைப்புறத்திலிருந்து வேறொரு சொட்டுச் சத்தம், நிதானமாக, ஒரே இடத்தில் விழுவதாகக் கேட்டது. கூடவே ஒரு வாடை. தண்ணீர் வற்றும் காலத்தில் ஏரிக்கரையில் பாசி அழுகிக் கிடக்குமே, அந்த வாடை. ஐப்பசி மழையில் அது வருவதற்கு நியாயமே இல்லை. வேலம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு கொல்லைக் கதவைச் சாத்தப் போனாள். உடனே திரும்பி வந்துவிட்டாள்.

"தாப்பா போட்டுத்தான் கீது," என்றாள்.

கங்காதரன் கைகளை வேட்டியில் துடைத்தார். "தங்கச்சி, சொன்னா கேளு. இத்தோட வுட்டுடு. கேசட்ட எடுத்துப் பொட்டில போட்டுடலாம்."

"என் புள்ளைக்கு அவங்க மூஞ்சி தெரியணும் அண்ணே. வேற ஒண்ணும் நான் கேக்கல. மத்தவங்க எப்படித் தெரிஞ்சாலும் பரவால்ல. அவங்களச் சரி பண்ணிக் குடுங்க."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பெற்ற குழந்தை தன் தகப்பனைப் பார்த்துப் பூச்சாண்டி என்று ஓடுவதைவிடப் பெரிய பயம் எதுவும் அவளுக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. கங்காதரன் திருப்புளியை மறுபடி எடுத்தார். பிறகு டி.வி.க்குப் பின்னால் குந்தினார்.

படம் மேலிருந்தும் கீழிருந்தும் அமுங்கத் தொடங்கியது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை ஏறியது. மாப்பிள்ளை குள்ளமானார். ஹஸ்ரத் உரல் மாதிரி ஆனார். நிக்காஹ் வீட்டு ஜனம் முழுவதும் நசுங்கி, அகன்று, கழுத்தில்லாமல் நகர்ந்தது. அந்த நசுங்கிய கூட்டத்துக்கு நடுவே ஜமால் ஜமாலாக நின்றார். அதே நெற்றி. இடது புருவத்தில் அதே வெட்டு. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழியும் அதே கன்னம்.

ஜைனம்பு வாய்விட்டு அழுதாள். பத்தொன்பது நாளில் முதல் தடவையாக சந்தோஷத்தில் அழுதாள். குழந்தை அவள் தோளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"வாப்பா," என்றது.

"ஆமாண்டா. வாப்பாதான்."

டி.வி.க்குப் பின்னால் கங்காதரன் எழுந்து நின்றிருந்தார். எதிரே இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்புளி கீழே கிடந்தது.

"இன்னாண்ணே?" என்றாள் வேலம்மா.

"நான் கைய எடுத்து ரொம்ப நேரமாச்சி," என்றார் அவர் மெதுவாக. "அது இன்னும் சரியாயிக்கினே கீது."

பின்மூடியைக்கூட மாட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு மழையிலேயே இறங்கினார். போகும்போது, விளக்கு வைக்கறதுக்குள்ள நிறுத்திடு தங்கச்சி என்று மட்டும் சொன்னார். வேலம்மா குடையை எடுத்துக்கொண்டு, கரண்டு போனால் விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை, ஓடிப்போய் வாங்கி வருகிறேன் என்று அவர் பின்னாலேயே கிளம்பினாள். அவளுக்கும் கொஞ்சம் வெளியே போக வேண்டும் போலிருந்திருக்கும்.

ஜைனம்பு நிறுத்தவில்லை. நிறுத்த மனசு வரவில்லை. குழந்தையைத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள். கேசட்டைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டாள். மறுபடி போட்டாள்.

"யாரு இது?"

"வாப்பா."

"வாப்பாக்கு முத்தம் குடு."

குழந்தை கண்ணாடித் திரையில் வாயை வைத்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு, உப்பு என்றது.

"இனிமே வாப்பாவப் பாத்தா அழக்கூடாது. வாப்பா கூப்பிட்டா ஓடிப் போவணும். சரியா?"

"சரி."

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு தொடங்கியது. மழையில் பாதி கரைந்து வந்தது. ஜைனம்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இதுதான் கடைசி என்று இன்னொரு தடவை பின்னால் சுற்றினாள்.

கொல்லை வாசல் வந்தது. ஜமால் வரவில்லை.

நிலைப்படிக்குப் பக்கத்தில் தட்டு தரையில் இருந்தது. கிளாஸ்கள் சிந்தாமல் அப்படியே இருந்தன. வாசல் காலியாக இருந்தது. அவள் பன்னிரண்டு எண்ணினாள். முப்பத்தொன்று எண்ணினாள். பின்னால் சுற்றிப் போட்டாள். காலி. தரையில் ஈரம். வாசலிலிருந்து இந்தப் பக்கமாக நீண்ட ஈரம்.

நசுங்கிய ஜனங்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை இந்தப் பக்கம் பார்த்தார். ஹஸ்ரத் பார்த்தார். பையன் பார்த்தான். எல்லோரும் நேராகப் பார்த்தார்கள். பிறகு எல்லா முகங்களும் ஒன்றாக நிமிர்ந்தன. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால். அவள் தலைக்கு மேலே. இன்னும் மேலே.

பாசி வாடை கழுத்தில் வந்து ஒட்டியது.

கரண்டு போயிற்று.

கும்மிருட்டு. மழை. அதற்குள் அந்தச் சொட்டு. இப்போது வீட்டுக்குள். ஜைனம்பு அசையவில்லை. திரும்பக் கூடாது. கையை மட்டும் பக்கத்தில் துழாவினாள். குழந்தை நின்ற இடம் வெறும் தரை.

"ஹானி."

கொலுசு சத்தம். பின்னால். கொல்லை வாசலை நோக்கிக் குதித்துக் குதித்து ஓடியது. பயந்த ஓட்டம் இல்லை.

"ஹானி, இங்க வா. அம்மாகிட்ட வா."

"வாப்பா கூப்புடறாங்க," என்றது குழந்தை. அதன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஜைனம்பு இருட்டுக்குள் பாய்ந்தாள். கொலுசு தரையில் ஒருமுறை தட்டியது. நின்றது. அப்புறம் அவள் இடுப்புக்கு நேரே கேட்டது. தோளுக்கு நேரே. அவள் எட்டிப் பிடித்தாள். சின்னப் பாதம் ஒன்று விரல்களில் வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று. நிலைக்கட்டைக்கு மேலே, உத்தரத்துக்குப் பக்கத்தில், உம்மு ஹானி கலகலவென்று சிரித்தாள். முத்தம் கொடுக்கும் சத்தம் கேட்டது.

தூக்கிய கைகளோடு ஜைனம்பு நின்றாள். அவள் முகத்தில் சொட்டுச் சொட்டாக ஏரித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.