ஊசிக்கையில் ஒட்டியிருந்த பென்னி

12 நவம்பர் 1987, வியாழன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். இசைத்தட்டுப் பெட்டியின் ஊசிக்கைத் தலையில் ஒட்டியிருந்த பழைய பென்னிக் காசை, யாரையும் கேட்காமல் பிய்த்து எடுத்துவிட்டேன்.

இதை எழுதிவிட்டு மெரியல் பேனாவை மூடினாள். பிறகு மறுபடி திறந்தாள். சிறு தவறுதானா?

வியாழன்தோறும் மாலையில், கிரேட்லி ஹீத் பள்ளியின் பின்கட்டில் பழுதுபார்ப்பு வகுப்பு. மழைக் கோட்டுகளின் ஈர வாடையும் ஈயப் பற்றின் புகையும் அறையை நிறைத்திருந்தன. திருமதி ஹிங்லி பழுதுபார்க்கக் கொடுத்திருந்த சிவப்பு இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்து, அதன் சுழல்தட்டைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள் மெரியல். பக்கத்தில் வகுப்பு அலமாரியிலிருந்து எடுத்த இன்னொன்று. ஹிங்லியினுடையது உள்ளூரில் செய்தது, அலமாரியில் இருந்தது ஸ்விண்டன் நகரில் செய்தது.

"ஸ்விண்டன்காரன் சரக்கு மேலதான் உனக்குக் கண்ணு, இல்ல?" என்றார் ஆசிரியர் டிரான்டர். "நம்ம ஊர்த் தட்டு லாரி மாதிரிம்மா. சாகாது."

"லாரி வேண்டாம் சார். அந்த இசைத்தட்டு தாங்காது."

அதுதான் அவள் கவலை. திருமதி ஹிங்லியின் மகன் கிளைவ், பல வருஷங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கடற்கரைப் பாலத்துக் குரல்பதிவுக் கூண்டில் காசு போட்டுத் தன் குரலை இசைத்தட்டில் பதிவு செய்து தபாலில் அனுப்பினான். மறுநாள் கடல் அவனைக் கொண்டுபோயிற்று. தட்டு திங்களன்று வந்தது. மெல்லிய, மென்மையான ஏழங்குலத் தட்டு. ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஊசி குரலைச் சுரண்டிக்கொண்டே வந்தது. இனி ஒரு முறைதான் தாங்கும் போலிருந்தது. ஸ்விண்டன் கை பூப்போல இறங்கியது. உள்ளூர்க் கையோ அதுவே கனம், அதன்மேல் பென்னி வேறு.

திருமதி ஹிங்லி இசைத்தட்டை மார்போடு அணைத்தபடி வந்தார். வெற்று ஊசிக்கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"காசு எங்க கண்ணு?"

"அழுக்கா இருந்துது... துடைக்கலாம்னு எடுத்தேன். தப்பா?"

"எங்க வீட்டுக்காரர் பெர்ட் ஒட்டினது. பையனைப் புதைச்ச வாரம். ஒட்டாட்டி அந்தக் கை தானா எழும்பித் தேடும்பார்." சிரிக்கப் பார்த்தார். "மனுஷன் நல்லா கதை அளப்பார். அவரும் போயாச்சு. விடு, நீ போடு."

டிரான்டர் தேநீர் போடப் போனார்.

மெரியல் ஸ்விண்டன் சுழல்தட்டில் இசைத்தட்டை வைத்தாள். சரசரப்பு. அலை. பிறகு, தூரத்திலிருந்து ஒரு பையன்.

"அம்மா, இங்க ஒரே மழை. ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். கெட்டிலை அடுப்புல வை."

ஊசி வெறும் சரசரப்பில் ஓடியது. குரல் தேய்ந்து தீர்ந்தது.

திருமதி ஹிங்லி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மேசையின் மறுகோடியில் 'டிக்' என்றது.

உள்ளூர்ச் சுழல்தட்டு. அதன் மின்கம்பி எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

அதன் ஊசிக்கை மெல்ல எழுந்தது. இசைத்தட்டின் விளிம்பைத் தடவி அளவு பார்த்த பிறகே இறங்கும் வகை அது. இசைத்தட்டு இல்லாவிட்டால் ஒன்றையும் தொடாமல் திரும்பி வந்துவிட வேண்டும்.

திரும்பவில்லை.

ஏழங்குல இசைத்தட்டின் விளிம்பு இருக்கவேண்டிய இடத்தில், எதையோ தொட்டு நின்றது.

பிறகு இறங்கி, ரப்பர் விரிப்பைத் தொடாமல், ஒரு விரல் உயரத்தில் காற்றில் ஊன்றியது.

உப்பு வாடை.

ஒலிபெருக்கி எதுவும் இணைக்கப்படவில்லை. ஊசி முனையிலிருந்தே வந்தது குரல்.

"வந்துட்டேம்மா."

மெரியலின் கை காசைத் தேடியது. "ஒட்டிடறேன்... இதோ, ஒட்டிடறேன்..."

"ஒட்டாதே." திருமதி ஹிங்லி கிசுகிசுத்தார். அவர் முகத்தில் பயமே இல்லை. அதுதான் மெரியலைக் குலைத்தது. "இத்தனை வருஷமா அவனை அமுக்கி வச்சிருந்திருக்கார் பாவி மனுஷன்."

டிரான்டர் தேநீரோடு வந்தார். ஊசிக்கை அதன் இடத்தில் சாதுவாகக் கிடந்தது.

"என்ன, ஜெயிச்சது யாரு? நம்ம ஊரா?"

"நம்ம ஊருதான்," என்றார் திருமதி ஹிங்லி. "பெட்டியில மாட்டிக் குடுங்க. இப்பவே கொண்டுபோறேன்."

"சார், நான் இன்னும் சரிபார்க்கலை..."

"உனக்கு எப்பவுமே சரிபார்த்து முடியாதும்மா," என்று சிரித்துக்கொண்டே மாட்டினார் டிரான்டர். பேருந்து வரை பெட்டியைத் தூக்கியும் கொடுத்தார். தான் பார்த்தது சரிதானா என்று மெரியலுக்கே நிச்சயமில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டுப் பையில் கைவிட்டபோதுதான் பென்னி அகப்பட்டது. நனைந்திருந்தது. துடைத்தாள். பக்கத்தின்மேல் வைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்து எடுத்தபோது அதன் அடியில் ஈர வட்டம். மறுபடி துடைத்தாள். மறுபடி ஈரம். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

ஈரத்தில் மை பரவப் பரவ, கடைசி வரியைத் தள்ளி எழுதினாள்:

நாளைய வேலை: காலையில் முதல் பேருந்தில் திருமதி ஹிங்லி வீட்டுக்குப் போய், காசை மறுபடி ஒட்ட வேண்டும். அவர் கதவைத் திறந்தால்.