அறுந்த முனை

விரலில் இருந்த வெட்டைக் காணவில்லை.

மில் வேன் மணிக்கூண்டில் இறக்கிவிட்டுப் போன பிறகு, பீடி பற்றவைக்கக் கையைக் குவித்தபோதுதான் மதியழகன் அதைக் கவனித்தான். பதினோரு வருஷமாக வலது ஆள்காட்டி விரல் நுனியில் இருந்த வெட்டு அது. நூற்பு எந்திரத்தில் அறுகிற இழையைப் பிடித்துப் பிடித்து, இழையே அறுத்து உண்டாக்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆறத் தொடங்கும். திங்கட்கிழமை ராத்திரி ஷிப்டில் மறுபடி பிளந்துகொள்ளும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், மில்லில் தருகிற களிம்பு எதற்கும் மூடியதில்லை. இப்போது மூடியிருந்தது. தழும்புகூட இல்லை. தோல் பீங்கான் மாதிரி வழுவழுவென்று இருந்தது. ரேகையும் இல்லை.

கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டு, பிரியும்போது மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. சுவரில் ஒட்டிக்கிடக்கிற மரவட்டைப் பூச்சியைப் பிய்த்து எடுத்தால் வருகிற சத்தம்.

பீடியைப் பற்றவைக்காமலே வீட்டுக்கு நடந்தான்.

நாகல் நகர் வீட்டில் தம்பி முத்துக்கிருஷ்ணன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அம்மா அங்காளம்மாள் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். மதியழகனின் மனைவி சத்யபிரியா மூன்றாவது தோசையைத் தம்பி தட்டில் போட்டுவிட்டு, “வந்துட்டீங்களா? சட்னி தீந்துருச்சு, பொடி வைக்கவா?” என்று திரும்பாமலே கேட்டாள்.

“ஏலே மதி, தண்ணியைச் சத்தமில்லாம மோந்து குளி,” என்றாள் அம்மா. “தம்பி ராத்திரி பூரா உக்காந்து எழுதியிருக்கான். தலைவலிங்குறான்.”

“நானும்தான் ராத்திரி பூரா முழிச்சிருந்தேன்.”

“நீ என்னைக்கும் முழிச்சுத்தானலே இருக்க.”

சத்யபிரியா சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. இவன் சிரிக்காமல் இருப்பதும் ஒரு பெருந்தன்மை என்று இவர்கள் பேசிக்கொள்வார்கள்.

மதியழகன் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். தம்பி படித்துக்கொண்டே போய், வடக்கே ஒரு ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானியாக இருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். அந்த ஐந்து நாளும் இந்த வீட்டில் மதியழகனுக்கு நாற்காலி கிடையாது.

இந்தத் தடவை தம்பி ஒரு துணியைக் கொண்டுவந்திருந்தான். உள்ளங்கை அகலம். நனைந்த சாம்பலின் நிறம். வெளியே கொண்டுவரக் கூடாதது என்று சொல்லிக்கொண்டே முந்தாநாள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினான்.

“சிப்பாய் சட்டைக்கு மதினி. குண்டு பாஞ்சா துணி தானா கூடிக்கணும். அடியில கிழிஞ்ச சதையையும் சேத்து இழுத்து மூடணும். ரத்தம் போகாம ஆளு பிழைச்சுக்கணும், அம்புட்டுதான். இழைக்குள்ள இருக்கிற துகளைக் கண்ணால பாக்க முடியாது. ஒரு தலைமுடியை லட்சமா வகுந்தா வர்ற அகலம்.”

“எங்க, இப்பக் கூட வைங்க பாப்போம்?” என்றாள் சத்யபிரியா.

“அதுதான் தொடங்கவே மாட்டேங்குது. அஞ்சு வருஷமா ஒம்பது பேரு மண்டையை உடைக்கிறோம். செத்த பாம்பு மாதிரி கெடக்கு. தொடங்கிட்டா எங்க நிக்கணும்னும் அதுக்குத் தெரியாது, அது வேற வேலை. வர்ற திங்கக்கிழமை அதிகாரிங்க முன்னால ஓடலேன்னா எங்க பிரிவையே மூடிருவாங்க. பெட்டியைக் கட்டிக்கிட்டு நான் இங்கதான் வரணும்.”

மதியழகன் கையை நீட்டினான்.

“தொடாதண்ணே. உன் கையெல்லாம் பஞ்சு.”

சத்யபிரியா அன்றும் சிரித்தாள்.

நேற்று மதியம் வீட்டில் யாரும் விழித்திருக்காத நேரத்தில் அவன் பெட்டியைத் திறந்தான். கெடுக்க வேண்டும் என்றுதான் திறந்தான். ஓர் இழையை நகத்தால் நெம்பி இழுத்து அறுத்தான். அறுந்த முனை காற்றில் ஆடியது. அங்கேயே விட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் அறுந்த முனையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மில்காரன் கைக்குத் தெரியாது. விரல் தானாக நாக்குக்குப் போனது. எச்சில் தொட்டு, இரண்டு முனையையும் வெட்டு விழுந்த விரலில் வைத்து, கட்டைவிரலால் ஒரே ஒரு முறுக்கு. எச்சில் தொடுவதற்கு மேஸ்திரி திட்டுவார். ஆனால் அந்த ஷெட்டிலேயே மதியழகன் சேர்த்த இடத்தை மட்டும் யாராலும் தடவிக் கண்டுபிடிக்க முடியாது.

இழை சூடானது. பிறகு விரலை மெல்லப் பிடித்தது, பிறந்த குழந்தை பிடிப்பதுபோல.

ஒன்பது பேர் ஐந்து வருஷமாகச் செய்ய முடியாததைத் தான் செய்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. விரலைப் பிய்த்து எடுத்தான். துணியை மடித்து உள்ளே வைத்துப் பெட்டியை மூடினான். யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை தம்பி அதிகாரிகள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை நினைத்தபடி வேலைக்குப் போனான். இரவு முழுக்க அந்த நினைப்பு வெல்லம் மாதிரி நாக்கில் இருந்தது.

இப்போது இந்த விரல்.

சொல்லிவிடலாமா என்று ஒருகணம் தோன்றியது. தம்பியின் தட்டைப் பார்த்தான். சொல்லவில்லை.

பத்து மணிக்கு அம்மாவும் சத்யபிரியாவும் நிலக்கோட்டையில் ஒரு சடங்குக்குக் கிளம்பினார்கள். மதியழகன் பகலில் தூங்குகிற உள்ளறைக்குள் போனான். ஜன்னலில் ஆணியடித்த கறுப்புத் தார்ப்பாய். பகலிலும் இருட்டு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் பாய் விரித்துத் தம்பி நோட்டும் டார்ச்சுமாக உட்கார்ந்தான்.

“தூங்கி எந்திரிண்ணே. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

வீட்டுப் பங்கைத்தான் கேட்பான். மதியழகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

மின்வெட்டில் விழித்தான். அந்தக் கோடையில் மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை தினமும் கரண்ட் இருக்காது. மின்விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றி நின்றதும் அறைக்குள் ஒவ்வொரு சத்தமாக வந்து உட்கார்ந்தது: தெருவில் கோலப்பொடி விற்கிறவன் தூரமாகிப்போவது, கூரைத் தகடு வெயிலில் விரிந்து முனகுவது, பிறகு எல்லாவற்றுக்கும் அடியில், அவனுக்கு உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஒரு சத்தம், நூல் ஓடுகிற சத்தம். நூல் சுற்றுகிற கதிர் இல்லாமல், எந்திரம் இல்லாமல், சர்ரென்று, நிற்காமல், கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில். வாசனையும் வந்தது. சூடான பஞ்சும், அதற்குள் லேசாக ரத்தமும்.

“முத்து?”

ஒரு விசில் மட்டும். மூச்சின் விசில். சளி பிடித்தவன் ஒரே மூக்கால் மூச்சு விடுவதுபோல.

எழுந்து உட்கார்ந்தான். தார்ப்பாயின் ஆணி ஓட்டை வழியாக வெயில் ஊசி ஊசியாக இறங்கியது. தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தலை குனிந்திருந்தது. பெட்டி திறந்து கிடந்தது. துணி அதில் இல்லை.

டார்ச் எரிந்தபடி உருண்டு, நோட்டின் மேல் வெளிச்சம் விழுந்திருந்தது. தம்பியின் குண்டுக் கையெழுத்து.

‘அண்ணனிடம் கேட்க வேண்டும். இதற்காகத்தான் துணியைக் கொண்டுவந்தேன். மில்லில் சேர்ந்த புதிதில் வீட்டில் எனக்குச் செய்து காட்டுவான். எச்சில் தொட்டு ஒரு முறுக்கு. சேர்த்த இடமே தெரியாது. எங்கள் ஒன்பது பேரில் யாருக்கும் அந்தக் கை கிடையாது. திங்கட்கிழமை அவனையும் கூட்டிப்போக முடியுமா என்று பார்க்க வேண்டும்.’

அதற்குக் கீழே, கிறுக்கலாக:

‘மதியம் 2.40. ஓர் இழை ஏற்கெனவே கூடியிருக்கிறது. எப்படி? அண்ணனை எழுப்ப மனமில்லை. ராத்திரி முழுக்க நின்றவன். இன்னோர் இழையை அறுத்து, அவன் செய்வதுபோல் உதட்டில் நனைத்து’

அங்கே பேனா இழுத்துக்கொண்டு போயிருந்தது. காகிதத்தின் ஓரம் வரைக்கும்.

நூல் ஓடுகிற சத்தம் நின்றது.

“முத்து. ஏலே. திரும்புடா.”

தம்பி திரும்பினான்.

மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. தாடை வரைக்கும் வழுவழுவென்று தோல். மீசை பாதியில் நின்றிருந்தது. உதடு இருந்த இடத்தில் புடைப்பு இல்லை, தழும்பு இல்லை, முடிச்சு இல்லை. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மதியழகனுக்குத் தெரிந்தது. கன்னத்திலிருந்து கன்னம் வரை மயிரிழை அளவு ஒரு கோடு. வலப்பக்க முறுக்கு.

அவனுடைய முறுக்கு.

கோட்டின் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு முனை தொங்கியது. தம்பி அதைப் பிடித்து அண்ணனிடம் நீட்டினான். உள்ளே தொண்டை ஏறி இறங்கியது. கண்கள் கெஞ்சின. பிரி. அண்ணே, பிரி.

மதியழகனுக்குச் சேர்க்கத்தான் தெரியும்.

இருந்தும் கையை நீட்டினான். தன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரியவில்லை. இழுத்தான். பிரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கோடுகூட இல்லை.

விசில் மெலிந்தது.

ஒரு மூக்குத் துளை ஏற்கெனவே இல்லை. அடுத்தது சுருங்கிக்கொண்டிருந்தது, சுருக்குப் பை மாதிரி, அவசரமில்லாமல்.

நின்றது.

தம்பி விழவில்லை. உட்கார்ந்தபடியே அவனைப் பார்த்தான். மார்பு மட்டும் குதித்தது. இடது கண்ணின் ஓரத்தில், மேல் இமையும் கீழ் இமையும் சேருகிற இடத்தில், சாம்பல் நிறத்தில் ஓர் இழை தலை தூக்கியது. அறுந்த முனையைத் தேடுவதுபோல அப்படியும் இப்படியும் ஆடியது. பிறகு உள்பக்கமாகச் சேர்க்கத் தொடங்கியது, ஒவ்வொரு இமைமயிராக.

கண் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது.