வீட்டுக்காரர்

இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன.

புதிதாக வாங்கிய ஒயர் இல்லாத பேக்கப் டிரைவை வீட்டு வைஃபையில் சேர்ப்பதற்காக லேப்டாப்பைத் திறந்தபோதுதான் அது அவன் கண்ணில் பட்டது. இந்த நெட்வொர்க்கில் ஏற்கெனவே இருப்பவை என்று திரை காட்டியது. அவன் லேப்டாப். அவன் போன். மனைவியின் போன் அவளோடு மருந்துக் கடைக்குப் போயிருந்தது. ஆனாலும் மூன்றாவதாக ஒன்று, தமிழ் எழுத்தில் பெயரோடு, உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர்.

இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் படும் பாடு இருக்கிறதே. வாடகைக்கு விட்டவரும் வீட்டுக்காரர்தான், கட்டிக்கொண்டவரும் வீட்டுக்காரர்தான். தன்னை நினைத்துத்தான் எதற்கோ அவள் இப்படிப் பெயர் வைத்திருக்கிறாள் என்று முதலில் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம் தலைகாட்டிய வேகத்திலேயே போய்விட்டது. அவனுடைய இரண்டும்தான் மேலே தனியாக இருக்கின்றனவே, அப்படியானால் இது யார்?

அவனைப் பொறாமைக்காரன் என்றால் கோபம் வரும். அக்கறை என்பான். அவளுடைய அண்ணன் போனில் கொஞ்சம் அதிக நேரம் பேசிவிட்டால் இவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவள் தூக்கத்தில் சிரித்தால், யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று காலையில் கேட்பான். போன வாரம் அவள் கல்யாணப் படங்களைப் போனிலிருந்து அழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான். கேட்டதற்கு, "இடமில்லைங்க" என்றாள். எதனால் இடமில்லை, யாரால் இடமில்லை என்று அந்த வார்த்தை ராத்திரியெல்லாம் அவனைக் குடைந்தது. படங்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் டிரைவை வாங்கினான். அவள் போனில் இருப்பதெல்லாம் தன் கைக்கு வந்துவிடும் என்பதுதான் உண்மையான கணக்கு.

வெளியே பிற்பகல் மழை பிடித்திருந்தது. ஜன்னல் கம்பிகளில் தண்ணீர் வழிந்து, தரையில் சாம்பல் வெளிச்சம் ஆடிக்கொண்டிருக்க, புது அட்டைப்பெட்டியின் வாசனைக்கும் ஈரச் சுவரின் வாசனைக்கும் நடுவே, யாரோ இப்போதுதான் தலை துவட்டிவிட்டுப் போன துண்டின் வாசனை மெதுவாக வந்து போய்க்கொண்டிருந்தது. காலையில் அவள் துவட்டியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவளுக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க."

"நம்ம வைஃபைல யாரோ இருக்காங்க. வீட்டுக்காரர்னு பேரு போட்டிருக்கு."

அவளுக்குப் பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது வீட்டுக்காரரோடதுங்க. நாம குடிவர்றதுக்கு முன்னாடியே இருக்கே."

"எந்த வீட்டுக்காரர்?"

அவள் சிரித்தாள். அவனிடம் இதுவரை சிரிக்காத சிரிப்பு. "வீட்டுக்காரர்னா வீட்டுக்காரர்தான். அதைப் போய் நோண்டிக்கிட்டு இருக்காதீங்க. கூட்டமா இருக்கு, வச்சிடறேன்."

வீட்டைப் பிடித்துக் கொடுத்த புரோக்கரைக் கூப்பிட்டு, வீட்டுக்காரர் நம்பர் வேண்டும் என்றான்.

"வீட்டுக்காரரா? அந்த வீட்டுக்கு வீட்டுக்காரம்மா மட்டும்தான் சார்."

"அவங்க புருஷன்?"

"அந்தம்மா கல்யாணமே பண்ணிக்கலை. கேட்டா, எனக்கென்ன குறைச்சல்னு சிரிப்பாங்க. முடியாம போய்த் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட, வரமாட்டேன்னு ஒரே அடம். கையைப் பிடிச்சு இழுத்துட்டுத்தான் வந்தோம். ஏன் சார், எதாவது ரிப்பேரா?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டான்.

திரை இன்னமும் அவனுக்காகக் காத்திருந்தது. இந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லாவற்றிலிருந்தும் நகல் எடுக்கவா என்று கேட்டது. வேறு யாராக இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அவள் வரும்வரை தெருமுனைக் கடையில் போய் நின்றிருப்பார்கள். இவனுக்கோ ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கும் அவசரம். எடு என்று அழுத்தினான். அந்தப் பக்கத்திலிருந்து அனுமதி வர வேண்டும் என்றது திரை. கேட்ட மாத்திரத்தில் அனுமதி வந்தது.

டிரைவ் சின்னதாக முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

அவள்தான். இதே கூடத்தில். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறாள். தரையில் காலை நீட்டி நகம் வெட்டுகிறாள். துணி மடிக்கிறாள். எல்லாப் படத்திலும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, எடுக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவன். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் பார்ப்பதுதான் தொழில். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தால் கண்மணி கடுகாகச் சுருங்க வேண்டும். இவளுக்கு அது விரிந்து, கண் முழுக்கக் கறுப்பாகிக் கிடந்தது. பிடித்தவரைப் பார்த்தாலும் கண்மணி விரியும் என்று அவனுக்குத் தெரியும். கல்யாணப் படங்களில் அவள் கண் எப்படி இருந்தது என்று யோசித்தான். கடுகுதான்.

பயம் வந்திருக்க வேண்டிய இடம். பொறாமைதான் வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னை இப்படிப் பார்த்திருந்தால் இந்த டிரைவையே வாங்கியிருக்க மாட்டேனே என்று நினைத்தான்.

அடுத்த படத்தில் அவனே இருந்தான். சாப்பாட்டு மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரே அவள், அவன் தோளுக்கு மேலாக, கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாள் ஞாபகம் இருந்தது. கடையில் நடந்த ஏதோ கூத்தை இவன் வாய் ஓயாமல் சொல்ல, அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். தனக்குத்தான் தலையாட்டுகிறாள் என்று நம்பி இன்னும் கொஞ்சம் சாப்பிட்டான், தண்டம்.

இறங்கிக்கொண்டே இருந்தன. இப்போது வேறு பெண். அதே கூடம், சுவரில் வேறு நிறம். அவளுக்கு முன் இன்னொருத்தி, இடுப்பில் குழந்தையோடு. கடைசியாக, கறுப்பு வெள்ளையில், ரிப்பன் கட்டிய ஒரு இளம்பெண். வாடகை ஒப்பந்தத்தில் ஒட்டியிருந்த, வயசான வீட்டுக்காரம்மாவின் படத்தில் இருந்த அதே மோவாய், அதே மச்சம். எல்லாருடைய கண்ணும் விரிந்து கிடந்தது. போனே இல்லாத காலத்துப் படம் இதற்குள் எப்படி வந்தது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. எத்தனை பேர் ஒருத்தனை இப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

எல்லாமே ஒரே இடத்திலிருந்து எடுத்தவை. கூடத்து மூலையில், வீட்டோடு வந்த கை வைத்த நாற்காலி. கால் ஆடுகிறது, உட்காராதீர்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அவளே அதில் ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தாள்.

படங்கள் முடிந்து ஒரு குரல் பதிவு வந்தது. அழுத்தினான்.

"நீ சாப்பிட்டியா? அவர் வர நேரமாகும். நீ பேசு, நான் கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன்."

நீ. வாய் வலிக்கக் கேட்டுப் பார்த்திருக்கிறான், என்னை நீ என்று கூப்பிடு என்று. வாய் வரலைங்க என்பாள். அவர் என்றது தன்னைத்தான் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பதிவில் பதில் எதுவும் இல்லை. மூச்சு மட்டும். அப்புறம் நாற்காலி கிறீச்சிட்டது.

பதிவு நின்றது. நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது.

திரும்பினான். யாரும் இல்லை. மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. ஈரத் துண்டின் வாசனை இப்போது நகராமல் ஒரே இடத்தில் நின்றது. மழை விட்டிருந்தது. டிரைவும் நின்றிருந்தது.

ஓடியிருக்கலாம். கதவு நாலு எட்டில் இருந்தது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் அவள் எப்படித் தெரிவாள் என்று பார்க்காமல் அவனால் போக முடியவில்லை. கிட்டே போனான். கையால் ஆட்டிப் பார்த்தான். கால் ஆடவில்லை.

உட்கார்ந்தான்.

சூடாக இருந்தது. கைகளை வைத்தான். தேய்ந்த பள்ளங்களில் விரல்கள் தாமாகப் போய் அடங்கின. கூடம் முழுக்கத் தெரிந்தது. அவன் சாப்பிடும் இடம் எவ்வளவு சின்னது.

எழுந்திரு என்று நினைத்தான்.

கால் எழவில்லை. வலி இல்லை. மரத்துப் போகவும் இல்லை. எழுந்திருக்க விருப்பமில்லாத யாருடைய காலோ.

கையைத் தூக்கப் பார்த்தான். இல்லை. கத்தினான். உதடு பிரியவில்லை. மூச்சு வந்தது, நிதானமாக. அவன் விட்ட மூச்சு இல்லை.

பூட்டில் சாவி திரும்பியது.

மடக்கிய குடையை வாசலில் சாய்த்துவிட்டு, ஈரச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் உள்ளே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். வாசல் வெளிச்சத்தில் அவளுடைய கண்மணிகள் மெல்ல, மெல்ல, விரிவதை அவன் பார்த்தான்.

"அவர் எங்கே?"

"உள்ளேதான் இருக்கார்," என்றது அவன் வாய். அவன் குரலேதான்.

"சத்தம் போடுவாரே."

"போட்டுக்கிட்டுதான் இருக்கார்."

அவள் சிரித்தாள். துண்டை எடுத்து வந்து, நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மழையில் நனைந்த தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். அவன் கை சட்டைப் பைக்குள் போய்ப் போனை எடுத்து மெதுவாக உயர்த்தியது. அவள் துவட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். இத்தனை நாள் எதற்காக ஏங்கினானோ அந்தப் பார்வை இப்போது அவனுடைய கண்ணுக்குள்ளேயே, கைக்கெட்டும் தூரத்தில், முழுசாக வந்து விழுந்தது. அப்போதும் அவள் பார்த்தது அவனை இல்லை.