யாரும் திருடாத வண்டி

காலை ஏழு மணி. மழை விட்டுச் சிறிது நேரமே ஆகியிருந்தது. திருத்தணி ஆஸ்பத்திரியின் பக்கத்துக் கொட்டகையில், கையில் பிரசவப் பையுடன் நின்றாள் மருத்துவச்சி கௌரியம்மாள். அவளுடைய சைக்கிள் அங்கே இல்லை.

வேறு எந்த வண்டி காணாமல் போயிருந்தாலும் அவள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள். யுத்த காலம். டயருக்குப் பர்மிட்டு, ட்யூபுக்குப் பர்மிட்டு. ரயிலடியிலும் மலையடிவாரத்திலும் நிறுத்தின சைக்கிள்கள் வாரத்துக்கு ஒன்றாவது மறைந்துகொண்டிருந்தன. அதற்குப் பயந்துதான் அவள் கடைத்தெரு மெக்கானிக் சர்தாரிடம் போயிருந்தாள்.

"பூட்டு போட்டா பூட்டோட தூக்கிக்கினு போறான்மா. பார்த்தாலே தொட மனசு வரக்கூடாது. அப்படிப் பண்ணித் தரேன்" என்றான் சர்தார்.

சொன்னபடியே செய்தான். பச்சை நிறச் சட்டத்தின்மேல் தாரைப் பூசினான். சீட்டுக்குக் கோணியைச் சுற்றினான். நல்ல மட்கார்டைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டு, துருப்பிடித்த ஒன்றை மாட்டினான். போதாதென்று ஒரு சூட்சுமமும் சொல்லிக் கொடுத்தான். வண்டியை நிறுத்தியதும் ஸ்பானரால் கைப்பிடியின் நடு போல்டைத் தளர்த்திவிட வேண்டும். அப்புறம் கைப்பிடி ஒரு பக்கம் திரும்பும், சக்கரம் தன் போக்கில் போகும். தெரியாதவன் ஏறினால் அந்த இடத்திலேயே விழுவான்.

அன்று காலையும் அவள் போல்டைத் தளர்த்திவிட்டுத்தான் உள்ளே போனாள். அந்த வண்டிதான் இப்போது இல்லை. அது நின்ற இடத்துக்கு அடுத்தாற்போல் கம்பவுண்டர் ஜமீல் அகமதுவின் புது சைக்கிள் பளபளவென்று நின்றது. அதற்குப் பூட்டுக்கூட இல்லை.

"இப்ப இன்னாம்மா பண்றது?" என்று கேட்டான் பங்காரு.

கனகம்மாசத்திரம் ரோட்டில் ஆறு மைல் தள்ளியிருந்த கிராமத்திலிருந்து அவளை அழைத்துப் போக வந்தவன் அவன். அவனுடைய அண்ணன் இறந்து ஆறு மாதம் ஆகிறது. அண்ணன் மனைவி பாஞ்சாலிக்கு விடியற்காலையில் வலி கண்டுவிட்டது. குழந்தை கால் முன்னால் வரும் நிலையில் இருந்தது. 'வலி எடுத்ததும் ஆள் அனுப்புங்க, நேரம் போனா குழந்தை தங்காது' என்று கௌரியம்மாள் அந்த வீட்டில் எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஆறு மைலும் ஓட்டமும் நடையுமா வந்தேன்மா" என்றான் பங்காரு, வெள்ளை வேட்டியின் நுனியால் நெற்றியைத் துடைத்தபடி. "நீங்க இங்கியே இருங்க. நான் போய் ஜட்கா பார்த்து இட்டாறேன்."

அவன் போனான். கௌரியம்மாள் வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். ஜட்கா வரவில்லை. பங்காருவும் வரவில்லை. கம்பவுண்டரின் சைக்கிளைப் பார்த்தாள். அவளுடைய வண்டியில் இல்லாத குறுக்குக் கம்பி அதன் நடுவில். புடைவையோடு அதில் ஏற முடியாது.

"ஜமீல் தம்பி, வண்டிய எடு. நீ மிதி. நான் பின்னால ஒக்கார்றேன்."

ஜமீல் தயங்கினான். "கடைத்தெரு வழியா போவணும்மா. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும். அங்க ஒரு உயிர் கால வெளிய நீட்டிக்கினு இருக்குது. எடு."

கடைத்தெருவில் வியாபாரம் நின்றது. நாற்பது வயது மருத்துவச்சி, இருபத்திரண்டு வயதுக் கம்பவுண்டரின் சைக்கிள் காரியரில், மடியில் பையை அணைத்துக்கொண்டு போவதை ஊரே வேடிக்கை பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை.

*

சப்-இன்ஸ்பெக்டர் பரந்தாமன் சித்தூரிலிருந்து ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது மணி பத்து. பெஞ்சில் சர்தார் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்திருந்தது. வெளியே சிறு கூட்டம்.

"திருடனைப் பிடிச்சாச்சுங்க" என்றார் ஏட்டு. "அந்த வண்டிய ஓட்டற வித்தை ரெண்டே பேருக்குத்தான் தெரியும். அந்தம்மாவுக்கும் இவனுக்கும்."

பரந்தாமன் சர்தாரின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காலையில எங்க இருந்தே?"

"கடையிலதாங்க. தனியா."

"யாராவது பார்த்தாங்களா?"

"மழைங்க. ஒருத்தரும் வரல்ல."

"வாரா வாரம் சைக்கிள் போவுது. போற வண்டியோட பார்ட்ஸெல்லாம் யார் கடைக்கு வரும்?"

"என் கடையிலியும் வாங்கிக்கிறியான்னு கேட்டு வருவாங்க. நான் வாங்க மாட்டேன்." சர்தார் நிமிர்ந்து பார்த்தான். "ஐயா, அந்தம்மா என் மூணு பிள்ளைக்கும் பிரசவம் பார்த்தவங்க. அவங்க வண்டியில கை வைப்பேனா?"

பரந்தாமனுக்கு யாரையும் சுலபத்தில் நம்பும் வழக்கம் கிடையாது. சர்தாரையும் அவர் நம்பவில்லை. ஆனால் ஏட்டு சொன்ன கதையையும் நம்பவில்லை. பளபளக்கும் வண்டியை விட்டுவிட்டுத் தார் வண்டியை எடுத்துப் போன திருடன் எப்படிப்பட்ட திருடன் என்ற கேள்வி அவரைக் குடைந்தது.

"இவனை அடிக்காதே. நான் வர்ற வரைக்கும் இங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கொட்டகையின் முன்னால் மண் இன்னும் ஈரமாகவே இருந்தது. ஜமீலின் வண்டித் தடம் தெருப் பக்கம் ஆழமாகப் போயிருந்தது. இன்னொரு தடம் கொட்டகையின் பின்புறமாகத் திரும்பியது. பரந்தாமன் அந்தத் திருப்பத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால், நேர்ப்பாதையில் முன் சக்கரத்தின் தடத்தின் மேலேயே பின் சக்கரமும் போகும். திருப்பத்தில் அவை இரண்டாகப் பிரிய வேண்டும். இங்கே பிரியவில்லை. ஒரே ஒரு சக்கரத்தின் தடம்தான் வளைந்து போயிருந்தது. பக்கத்தில் மனிதனின் கால் தடம்.

முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின் சக்கரத்தில் உருட்டியிருக்கிறான்.

தடம், வேலியோரம் இருந்த பாழுங்கிணற்றருகே முடிந்தது. பரந்தாமன் பாதாளக் கரண்டி கொண்டுவரச் சொன்னார். இரண்டு முறை துழாவியதில் கொக்கி எதிலோ மாட்டியது. நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். தார் பூசிய சட்டம், கோணி சுற்றிய சீட்டு. கைப்பிடி ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமுமாகத் திரும்பியிருந்தது.

"சர்தாரை வீட்டுக்கு அனுப்பு" என்றார் பரந்தாமன் கான்ஸ்டேபிளிடம்.

*

உச்சி வேளையில் கௌரியம்மாள் திரும்பி வந்தாள். புடைவையெல்லாம் சேறு. முகத்தில் களைப்பு இருந்தாலும் கண் தெளிந்திருந்தது.

"ஆண் குழந்தை" என்றாள். "நீலம் பாரிச்சுப் போயிதான் வந்தான். தட்டித் தட்டி அழ வெச்சேன். இன்னும் கொஞ்சம் தாமசமாகி இருந்தா ரெண்டு உயிருமே இல்லை."

பரந்தாமன் அவளை உட்காரச் சொன்னார்.

"உங்களைக் கூப்பிட வந்தது யார்?"

"பங்காரு. குழந்தைக்குச் சித்தப்பன்."

"எதுல வந்தான்?"

"ஓடி வந்தேன்னு சொன்னான்."

"அவன் வேட்டி எப்படி இருந்தது?"

கௌரியம்மாள் புரியாமல் பார்த்தாள். பிறகு தன் புடைவையைக் குனிந்து பார்த்தாள். காரியரில் உட்கார்ந்து போனவளுக்கே முழங்கால் வரை சேறு. அவள் குரல் தாழ்ந்தது. "வெள்ளையா இருந்தது சார். அதால மூஞ்சியத் தொடச்சான்."

"வண்டி காணோம்னதும் அவன் என்ன பண்ணினான்?"

"ஜட்கா இட்டாறேன்னு போனான். நான் போய்ச் சேர்ந்து, குழந்தை பொறந்தப்புறம்தான் வீட்டுக்கு வந்தான். திருத்தணியில ஒரு ஜட்காவும் கெடைக்கலைன்னான்."

பரந்தாமன் நேராக ஜட்கா ஸ்டாண்டுக்குப் போனார். மூன்று வண்டிகள் நின்றிருந்தன. அவர் கேட்டது ஒரே கேள்வி. காலையில் கனகம்மாசத்திரம் ரோட்டிலிருந்து யாரையாவது ஏற்றி வந்தவர் யார்?

அப்துல் ஷுக்கூர் என்ற வண்டிக்காரர் குதிரைக்குப் புல் வைப்பதை நிறுத்தினார். "நான்தாங்க. நேத்து சவாரி போயி மழையில அந்த ரோட்டுல ஒரு ஊர்லியே தங்கிட்டேன். காலையில ஒருத்தர் ஏறினாரு. ஆஸ்பத்திரி மூலையில எறங்கினாரு."

"திரும்பிப் போக நிக்கச் சொன்னாரா?"

"நானே கேட்டேங்க, நிக்கட்டுமான்னு. வேணாம், போன்னுட்டாரு. அப்புறம் வெகுநேரம் இங்கியேதான் நின்னுகினு இருந்தேன். யாரும் கூப்பிட வரல்ல."

"அந்த ஆளைக் காட்டுவியா?"

"ஆங். காட்டறேன்."

*

மாலை நான்கு மணிக்கு ஷுக்கூரின் ஜட்கா அந்தக் கிராமத்து வீட்டின் முன் நின்றது. வாசலில் உறவுக்காரர்கள். பங்காரு வெற்றிலைத் தட்டில் கற்கண்டு வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். போலீஸ் உடுப்பைப் பார்த்ததும் தட்டை நீட்டினான்.

"எடுத்துக்கோங்க சார். அண்ணனே திரும்பி வந்த மாதிரி இருக்குது."

பரந்தாமன் எடுத்துக்கொள்ளவில்லை.

"பாஞ்சாலிக்கு வலி கண்டதும் மருத்துவச்சியைக் கூப்பிடக் கிளம்பினது யார்?"

"நான்தான்."

"யாராவது அனுப்பினாங்களா, நீயாப் போனியா?"

"வேற ஒருத்தன் போறேன்னான். நான்தான் தடுத்தேன். என் அண்ணி, என் பொறுப்பு."

"எப்படிப் போனே?"

"ஓடித்தான் போனேன்."

"ஷுக்கூர்" என்று கூப்பிட்டார் பரந்தாமன். ஷுக்கூர் வண்டியிலிருந்து இறங்கி முன்னால் வந்து நின்றார். பங்காருவின் கையில் தட்டு லேசாகச் சாய்ந்தது. கற்கண்டு இரண்டு கீழே விழுந்தது.

"பிரசவத்துக்கு ஆள் கூப்பிடப் போறவன், கையில கெடைச்ச ஜட்காவைத் திருப்பி அனுப்புவானா? கூட்டி வர நெனைக்கிறவன் நிக்கச் சொல்வான். நீ போகச் சொன்னே."

பரந்தாமன் உறவுக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"காலையிலேர்ந்து நாங்க எல்லாரும் சைக்கிள் திருடனைத் தேடிக்கினு இருந்தோம். அங்கதான் தப்பு. பக்கத்துல பூட்டில்லாத புது வண்டி நிக்குது, அதைத் தொடல்ல. தார் வண்டியக் கொண்டுபோயி கெணத்துல போட்டான். அவனுக்கு வண்டி வேணாம். விக்கிறவனுக்கு எந்த வண்டியும் ஒண்ணுதான். ஆனா புடைவை கட்டின ஒரு பொம்பளை ஏறி ஓட்டறதுக்கு அந்த ஊர்ல இருந்தது அந்த ஒரு வண்டிதான். அது இல்லைன்னா மருத்துவச்சி வர முடியாது. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது."

ஒரு கிழவர் எழுந்து நின்றார். "சர்தார்னு சொன்னாங்களே?"

"சர்தாரா இருந்தா ஸ்பானரால ஒரு முறுக்கு முறுக்கி ஏறிப் போயிருப்பான். இவனுக்கு அந்தச் சூட்சுமம் தெரியல்ல. கைப்பிடிய திருப்பினான், சக்கரம் திரும்பல்ல. அதனால முன்னால தூக்கிப் பிடிச்சு உருட்டிக்கினு போனான். அதுக்கப்புறம் உள்ள போயி, அந்தம்மாவை அழைச்சான். இந்தக் குழந்தை தங்கலைன்னா இந்த வீடும் நிலமும் யாருக்கு வரும்னு நான் சொல்லத் தேவையில்லை."

அங்கே இருந்தவர்கள் பங்காருவைப் பார்த்தார்கள். அவன் தட்டைக் கீழே வைத்தான்.

"கொல்லணும்னு நெனைக்கல சார்" என்றான் மெதுவாக. "கொஞ்சம் தாமசமாவட்டும்னுதான்."

கான்ஸ்டேபிள் அவன் கையைப் பிடித்தார். அதற்குள் உள்ளறைக் கதவருகே நடமாட்டம் தெரிந்தது. பாஞ்சாலி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுந்து வரக்கூடாது என்று ஒரு பெண் தடுத்தும் அவள் கேட்கவில்லை.

"படுத்துக்கோம்மா" என்றார் பரந்தாமன். "புகாரை ஏட்டு நாளைக்கு வந்து எழுதிக்குவார். சொந்தக்காரன் விஷயம். வேணும்னா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு சார்" என்றாள் பாஞ்சாலி. குரலில் தெம்பு இல்லை, நடுக்கமும் இல்லை. "அவரு போனதுலேர்ந்து நான் தனியாத்தான் ஒலை வெச்சுத் தின்றேன். கதவுக்கு உள்ள தாழ் போட்டுக்கினுதான் படுக்கறேன். இவன் பார்வை சரியில்லைன்னு இதோ இவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். புருஷன் போன துக்கத்துல புத்தி பெரண்டு போச்சுன்னாங்க. மந்திரிச்சுக் கயிறுகூடக் கட்டினாங்க."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாஞ்சாலி மணிக்கட்டிலிருந்த கறுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதை வாசல் பக்கம் போட்டுவிட்டு, உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"இப்பவே எழுதுங்க" என்றாள். "கையெழுத்து நான் போடறேன்."